ஓட்டம் இருக்கட்டும், முதலில் நடை

காயம்பட்ட படைவீரருக்குக் குதிரைச் சவாரி தரும் நன்மையில் பெரும்பகுதி அதன் மெதுவான நடையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். குதிரை நடக்கும்போது, மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைந்து சற்றே சுழலவும் செய்கிறது. நாம் நடக்கையிலும் ஏறத்தாழ இதே அசைவுதான். தொடைக்கு மேல் காலை இழந்தவருக்குச் செயற்கைக் கால் இல்லாமலே அது கிடைக்கிறது. அடிக்கு அடி வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் ஈடுகொடுத்து வலுப்பெறுகின்றன. ஆகவே சவாரிப் பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை வாரத்தில் ஓட்டக் கற்றுத் தருவார்கள் என்பது முக்கியமில்லை. ஏறுவதற்குச் சாய்தள மேடை இருக்கிறதா, தொடக்கத்தில் குதிரையைப் பிடித்து நடத்த ஒருவரும் இருபுறமும் தாங்க இருவரும் வருவார்களா, விழுந்தால் கால் சிக்காத அங்கவடி உண்டா என்று விசாரியுங்கள். உணர்ச்சியற்ற தோலும் ஒட்டுத்தோலும் சேணத்தில் உரசிப் புண்ணானாலும் வலி தெரியாது. இறங்கியதும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே தீரவேண்டும். தலைக்காயத்தால் வந்த வலிப்பு கட்டுக்குள் வராதவர் ஏறவே வேண்டாம்.

சான்று போதாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2018இல் வெளியான மிசௌரி பல்கலைக்கழக ஆய்வில், 6 வாரச் சவாரிக்குப் பின் போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் கலந்துகொண்டவர்கள் 29 பேர்தான். கொலம்பியா பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 63 பேர்; ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, யாரும் குதிரைமேல் ஏறவும் இல்லை. இவற்றைக் காட்டி மனநல சிகிச்சையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். ஆனாலும் கொலம்பியா ஆய்வில், தரையில் நின்று குதிரையுடன் பழகியதிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பலன் தெரிந்ததை நான் அலட்சியம் செய்யமாட்டேன். வேட்டை விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனம் குதிரை. தோளை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருங்கினால் தலையைத் தூக்கி விலகும். மூச்சைத் தளர்த்தினால் தலை தாழும். எந்நேரமும் விழிப்பாகவே இருந்து பழகிய உடலுக்கு, தன் இறுக்கம் அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது.

செலவு அதிகம் என்ற வாதத்துக்கு வர்ஜீனியாவின் ஃபோர்ட் மயரில் 2006இல் தொடங்கிய திட்டத்தைச் சொல்வேன். ஆர்லிங்டன் கல்லறைக்கு வீரர்களின் சவப்பெட்டியை இழுத்துச் செல்லும் ராணுவக் குதிரைகளே காயம்பட்டவர்களையும் சுமந்தன. கூட நடந்தவர்களும் அந்தக் குதிரைகளை நடத்தும் படைப்பிரிவினரே; புதிதாக வாங்கவோ அமர்த்தவோ தேவையிருக்கவில்லை. கூட வருபவரும் சிப்பாயாக இருந்தால் இரக்கப் பார்வைக்கு இடமிருக்காது, வேலை சுணங்கினால் சொல்லவும் தயங்கமாட்டார். அத்தகைய துணை கிடைக்காத இடத்தில் பயிற்றுநரிடம் ஒன்றை முன்கூட்டியே பேசிவையுங்கள்: சமநிலை வந்ததும் கடிவாளம் வீரரின் கைக்கு வரவேண்டும்.