பதுளையைப் பார்த்துவிட்டு வருவோம்



பதுளைக்குப் போகாத ஆள் நம்ம பக்கத்தில் இல்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். கச்சேரிக்குப் போகிறோம். அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைகிறோம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். வேலை முடிந்ததும் பசறை பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிடுகிறோம். ஆனால் அந்த டவுனைப் பார்ப்பதற்கென்றே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போனவர்கள் எத்தனை பேர்? கடல் கடந்து வருகிறவர்கள் காசு செலவழித்துப் பார்க்கிற ஊர், நமக்கு வெறும் பஸ் ஸ்டாண்டாகவே இருக்கலாமா? ஆகவே இந்தத் தடவை பதுளையையும் அதைச் சுற்றியுள்ள மலைநாட்டையும் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

டவுனின் கதை

நமுனுகுல மலைக்கு அந்தப் பக்கம், பதுளு ஓயா சுற்றி ஓடுகிற பள்ளத்தாக்கில் இருப்பது பதுளை. வெள்ளைக்காரன் வருவதற்கு வெகுகாலம் முன்னமே இது பேர்பெற்ற ஊர். முத்தியங்கன விகாரை பௌத்தர்கள் வழிபடும் பதினாறு புண்ணியத் தலங்களில் ஒன்று. டவுன் நடுவிலே கதிர்காமத் தேவாலயமும் இருக்கிறது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டே வருடத்தில், 1817இல், ஊவா மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1818இல் அந்தக் கிளர்ச்சி மிகக் கொடூரமாக அடக்கப்பட்டது. வீடுகளைக் கொளுத்தினார்கள், வயல்களை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள். நம்ம பாட்டன் பூட்டன் இங்கே வருவதற்கு முன்பே இந்த மண் கண்ணீர் கண்ட மண் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள மக்களின் கதையும் துயரக் கதைதான்.

அதன் பிறகு வந்தது வெள்ளைக்காரன் கட்டிய டவுன். 1886இல் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகரானது. அந்தக் காலத்து அடையாளம் பரிசுத்த மாற்கு தேவாலயம். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாக அதைக் கட்டினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அவருக்குப் பேர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். பாதைகள் போடுவித்தவரும் அவர்தான். ஒரே மனிதரிடம் நல்லதும் கெட்டதும் இருந்ததைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

கோச்சிப் பாதை

கொழும்புக் கோட்டையிலிருந்து 292 கிலோமீட்டர் வந்து, மலைநாட்டுக் கோச்சிப் பாதை பதுளையில் முடிகிறது. பண்டாரவளைக்கு 1894இலேயே கோச்சி வந்துவிட்டது. பதுளைக்கு வந்தது 1924இல். இடையில் முப்பது வருடம்! காரணம் மலை.

பாரம் இழுக்கிற எஞ்சின் செங்குத்தாக ஏறாது. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு நாம் மலையில் நேராக ஏறுவதில்லை, வளைந்து வளைந்துதான் ஏறுகிறோம். அதே கணக்குத்தான் தெமோதரையிலும். பதுளையிலிருந்து போகிற கோச்சி முதலில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். வெளியே வந்து மலையைச் சுற்றி ஏறி, அதே சுரங்கத்துக்கு நேர் மேலே இருக்கிற ஸ்டேஷனில் வந்து நிற்கும். பிள்ளைகளை யன்னல் பக்கம் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

தெமோதரைக்கும் எல்லைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. சுமார் 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். இரும்புச் சட்டங்கள் இல்லை. கல், செங்கல், சீமெந்து மட்டுமே. நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. இப்படிப்பட்ட மலைநாட்டுப் பாதைகளில் கல் உடைத்த, மண் சுமந்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அவர்கள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஸ்டேஷனில் கொஞ்சம் நில்லுங்கள்

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரில் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று பேசி முடித்தார்கள். ஆட்களை எண்ணினார்களே தவிர, குடும்பங்களை எண்ணவில்லை. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. கட்டிக்கொடுத்த மகள் இங்கே, தாய் தகப்பன் அங்கே. கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். ஏற்றிவிட வந்தவர்கள் அழுத அழுகையினால் அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பேர் வந்தது. 1984இல் கப்பல் நின்றது. 2003இல் வந்த சட்டம்தான் இங்கே மிஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு முடிவு கட்டியது.

அந்த நாளில் யாரையாவது வழியனுப்பிய தாத்தா, பாட்டி உங்கள் லயத்தில் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். இன்னும் பத்து வருடம் போனால் சொல்ல ஆள் இருக்காது.

மலைப்பக்கம்

டவுனிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் துன்கிந்த நீர்வீழ்ச்சி. 64 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் புகைபோல விழும். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தில் லிப்டன் துரை 1890இல் கட்டிய ஸ்டோர் இருக்கிறது. அதற்கும் மேலே அவர் உட்கார்ந்து பார்த்த இடம், லிப்டன் சீட். துரை பார்த்த மலையை நம்ம பிள்ளையும் அங்கே நின்று பார்க்கட்டும். ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசம் தருகிறது. உலகம் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது ஏன் என்று கொழுந்து பறிக்கிறவர்களும் அறிய வேண்டும்.

போகிறவர்கள் கவனத்துக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். ஒரு ஞாயிறு டவுனும் துன்கிந்தையும். இன்னொரு ஞாயிறு கோச்சியில் எல்லை வரை. அப்புத்தளை பிறகு ஆகட்டும். நாலைந்து குடும்பம் சேர்ந்து மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கினால் கடன் வாங்க வேண்டியதில்லை. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள், கடைச் செலவு மிச்சம்.

துன்கிந்தையில் தண்ணீரில் இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், சுழி இழுக்கும். மிதிபலகையில் தொங்க வேண்டாம். பாலத்தில் கோச்சி வரும் நேரம் படம் பிடிக்க நிற்க வேண்டாம். விகாரைக்குள் செருப்பைக் கழற்றி, அடக்கமான உடையில் போக வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' சூறாவளி மழையில் மலைநாட்டுத் தண்டவாளமும் பாதைகளும் பல இடங்களில் சேதமாயின. ஆகவே கோச்சி எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே புறப்படுங்கள். பெருமழைக் காலத்தில் மலைப்பக்கம் போகவே வேண்டாம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா?

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. ஊவா எந்த வருடம் தனி மாகாணம் ஆனது?
2. தெமோதரையில் பாதையை ஏன் வளைத்துப் போட்டார்கள்? படம் வரைந்து காட்டுக.
3. 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பேர் ஏன் வந்தது?
4. உங்கள் குடும்பத்தில் முதலில் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.

நாலாவது கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. வீட்டில்தான் இருக்கிறது. இன்று இரவே கேளுங்கள்.