199-வது ஆள்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை மாதிரி பந்து. கையில் தூக்கிக்கிட்டு ஓடலாம், எறியலாம். யாருக்கு எறிவது என்று சட்டென்று முடிவெடுப்பது குவார்ட்டர்பேக் வேலை.

கல்லூரியில் ஆடியவர்களை அணிகள் வருஷத்துக்கு ஒரு தடவை வரிசை போட்டுப் பிரித்து எடுத்துக்கொள்ளும். இதுதான் டிராஃப்ட். போன வருஷம் மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. (கோகோவுக்கு ஆள் பிரிக்கும்போது நான் எப்பவும் கடைசி. அதனாலதான் இதை எழுதுறேன்!)

நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 1993-ல் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ. அதே அணி 2000-ல் 199-வது ஆளாக டாம் பிரேடியை எடுத்தது. அவருக்கு முன்னாடியே 6 குவார்ட்டர்பேக் போயாச்சு. ஒல்லி உடம்பு, ஓட்டமும் மெதுவு.

2001 செப்டம்பரில் பிளெட்சோவுக்குப் பலத்த அடி, உடம்புக்குள் ரத்தக்கசிவு. பிரேடி இறங்கினார். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. நவம்பரில் பிளெட்சோ குணமாகி வந்துவிட்டார். இப்ப யாரை இறக்குவது? பிரேடியே ஆடட்டும் என்றார் பயிற்சியாளர் பில் பெலிசிக். இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் பிரேடிக்குக் கணுக்காலில் அடிபட, பிளெட்சோ வந்து ஜெயிச்சுக் கொடுத்தார். அப்பவும் 2002 பிப்ரவரி இறுதி ஆட்டத்தில் பிரேடிதான்! 20-17, கோப்பை பேட்ரியாட்ஸுக்கு.

பிரேடி மொத்தம் 7 கோப்பை வாங்கினார். ஆனா எனக்குப் பிளெட்சோ ஞாபகமாவே இருக்கு. 2002-ல் அவரை பஃபலோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வாங்கினது என்ன தெரியுமா? 2003 டிராஃப்டில் முதல் சுற்றில் ஒரு ஆள் எடுக்கும் வாய்ப்பு.

- 9-ஆம் வகுப்பு மாணவி