குடியும் மனவடுவும்: இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை

நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள். காணி துப்புரவாகிவிட்டது, தகரக் கொட்டிலும் எழும்பிவிட்டது. ஆனால் இரவானால் செல் சத்தம் காதுக்குள் கேட்கிறது, விட்டுவந்தவர்களின் முகங்கள் வருகின்றன. கொஞ்சம் கசிப்போ சாராயமோ குடித்தால்தான் நித்திரை வருகிறது. இப்படி இருப்பவர் நீங்களாகவோ உங்கள் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். இதற்காக வெட்கப்பட வேண்டாம். போரைக் கடந்து வந்த பலருக்கு இப்படி நடக்கிறது.

குடித்து வரும் நித்திரை நிலைக்காது. பின்னிரவில் விழிப்பு வரும், பதற்றம் கூடும், மறுநாள் இன்னும் அதிகமாகக் குடிக்கத் தோன்றும். குடியை மட்டும் நிறுத்தினால் பழைய நினைவுகள் மேலெழுந்து மீண்டும் போத்தலிடம் அனுப்பிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

1. முதலில் உடலின் பாதுகாப்பு

நாள்தோறும் அதிகம் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தக்கூடாது. கைநடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கி, முதல் சில நாட்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். இது உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் செல்லுங்கள். மருந்துடன் பாதுகாப்பாக நிறுத்தலாம்.

2. ஆசை எழும்போது

குடிக்கும் ஆசை கடல் அலை போன்றது என்று அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லற் விளக்கினார். அது எழும், உச்சத்துக்கு வரும், பின் தணியும். அதனுடன் சண்டையிடாமல், அதற்கு இணங்காமல், தணியும்வரை கவனித்திருங்கள்.

• கண்களைத் திறந்தபடி இருங்கள். கண்ணை மூடினால் சிலருக்குப் போர்க் காட்சிகள் வரும்.
• இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றுங்கள்.
• சுற்றிலும் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள்.
• ஆசை உடலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தொண்டையிலா, நெஞ்சிலா?
• மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

மனம் அமைதியாக உள்ள நேரத்திலும் நாளாந்தம் சில நிமிடங்கள் பழகுங்கள். அப்போதுதான் அந்தரமான நேரத்தில் கைகொடுக்கும். பயிற்சியின்போது பயம் கூடினால் நிறுத்திவிட்டு, எழுந்து நடவுங்கள்.

3. நடந்ததைச் சொல்லுதல்

மனம் ஓரளவு நிலைப்பட்டபின், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடம் உங்கள் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து ஒழுங்காகச் சொல்லலாம். நல்ல நாட்களும் கெட்ட நாட்களும் அதில் இடம்பெறும். சிதறிக் கிடந்த நினைவு, நடந்து முடிந்த ஒன்றாக மெல்ல மாறும். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் வடகிழக்கு முகாமொன்றில் 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் நடந்ததைச் சொன்னார்கள், மறுபகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறினர். சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே.

குடும்பத்தினருக்கு

கதையைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். மீண்டும் ஒருநாள் குடித்துவிட்டால் "எல்லாம் வீண்" என்று ஏசவும் வேண்டாம். எது அவரைத் தூண்டியது என்று மறுநாள் அமைதியாகக் கேளுங்கள். உயிரை விடுவதாக அவர் பேசினால் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

உதவிக்கு உங்கள் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். அங்கு போக முடியாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.