வாத்துகளின் கூட்டு வாழ்க்கை

வாத்துக் கூட்டம் வயலில் இறங்குவதைக் காண்போர், "ஒன்று போன வழியே எல்லாம் போகின்றன, இவற்றுக்கு அறிவேது?" என்பர். இக்கூற்று சரிதானா என்று ஆராய்வோம்.

வீட்டு வாத்துகளுள் பெரும்பாலானவை மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. அதன் பேடு ஏறத்தாழ 28 நாட்கள் அடைகாக்கும். குஞ்சுகள் முட்டையினுள் இருக்கும்போதே ஒலியெழுப்பும். ஏறக்குறைய ஒரே வேளையில் பொரிந்து, விரைவிலேயே தாயின் பின்னே நீரை நோக்கி நடக்கும்.

தாய் இன்னதென்று குஞ்சு அறிவது எங்ஙனம்? பிறந்தவுடன் தன்முன் அசைந்து செல்வதையே அது பற்றிக்கொள்கிறது. இதனை ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935-இல் விரிவாக விளக்கினார். பின்னர் அமெரிக்காவில் எக்கார்ட் ஹெஸ் என்பவர், வாத்து உருவ மாதிரியை நகர்த்திக் காட்டிச் சோதித்தார். பொரித்த 13 முதல் 16 மணி நேரத்தில் இப்பற்று மிக உறுதியாகப் பதிவதைக் கண்டார். ஆகவே பின்தொடர்தல் மடமையன்று. தாயைப் பிரிந்த குஞ்சு குளிராலோ பருந்தாலோ மடியும்.

உறக்கத்திலும் இக்கூட்டு வாழ்வு விளங்குகிறது. வாத்து ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் திறந்தவாறு உறங்க வல்லது. அவ்வேளையில் மூளையின் ஒரு பாதி உறங்கும். மறு பாதி விழித்திருக்கும். 1999-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மல்லார்டு வாத்துகளை வரிசையாக இருக்கச்செய்து நோக்கினர். ஓரத்தில் இருந்தவை, நடுவில் இருந்தவற்றினும் சுமார் இரண்டரை மடங்கு நேரம் ஒரு கண் திறந்து உறங்கின. திறந்த கண்ணும் பெரும்பாலும் கூட்டத்துக்கு வெளிப்புறத்தையே நோக்கியிருந்தது. நடுவில் இருந்தவையோ எப்புறத்தையும் சிறப்பாக நோக்கவில்லை.

ஆலையில் இரவு முறை பார்த்தவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓரத்து வாத்து தன் உயிரைக் காக்கவே விழித்திருக்கிறது. ஆயினும் அது பதறி எழுந்தால் கூட்டம் முழுவதும் எழும். நடுவிலிருப்பது இரு கண்களையும் மூடி உறங்குவது தன் திறத்தாலன்று, தான் இருக்கும் இடத்தால் என்பதை உணர்க.

வாத்து வளர்ப்போர் இவற்றை மனத்திற்கொள்ள வேண்டும். ஒற்றை வாத்தைத் தனியே அடைத்து வைத்தல் தகாது. அதற்குக் காவலும் இல்லை; முழு உறக்கமும் இல்லை.