இன்ஜெக்டரின் ஓட்டமும் பொருத்தமும்

கார்புரெட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னர், நம் நாட்டில் புதிதாக விற்பனைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இன்ஜெக்டர் பொருத்தியவையே. எரிபொருளை அளந்து பீச்சும் இச்சிறு கருவிக்குப் 'பீச்சுகுழல்' என்று பெயர் சூட்டி எழுத எனக்கும் ஆசையுண்டு. ஆனால் ஆண்டர்சன்பேட்டைப் பட்டறையில் போய் அப்படிக் கேட்டால், ஹோலிப் பண்டிகைச் சாமான் விற்கும் கடைக்கு வழி காட்டுவார்கள். ஆகவே இன்ஜெக்டர் என்றே சொல்லிச் செல்வோம்.

இதனை எழுதக் காரணம் ஒன்று உண்டு. 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, எங்கள் ஊர் இளைஞர் பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். வடார்க்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் காற்றழுத்தத் துரப்பணம் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஸ்பானர் பிடிக்கிறார்கள். எந்திரம் எங்களுக்குப் புதிதன்று. புல்டோசர் செய்யும் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அந்நிறுவனம் 1964-இல் தோன்றியது. டீசல் எந்திரங்களுக்கான பம்பும் நாசிலும் செய்து பெயர் பெற்ற மைகோ, பெங்களூரில் 1951-இல் தோன்றி, 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. இத்தகைய சூழலில் வளர்ந்த நம் பிள்ளைகளும், "பெரிய இன்ஜெக்டர் போட்டால் வண்டி பறக்கும்" என்று நம்பி, இரண்டு மாதச் சம்பளத்தை அதிலே போட்டுவிட்டு, பிஸ்டன் கருகிய பின் பட்டறை வாயிலில் நிற்பதைக் காண்கையில் மனம் பொறுக்கவில்லை.

இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறந்து மூடும் ஒரு வால்வு. அதன் நுனியில் மிக நுண்ணிய துளைகள். துளையின் வழியே பாயும் அளவு அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே ஏறும். 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 440 கன சென்டிமீட்டர் தரும் இன்ஜெக்டர், 4 பாரில் ஏறத்தாழ 508 தரும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறியும் ஓட்டம் ஏறியது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவே. பம்பின் அழுத்தத்தைக் கூட்டியே காரியம் சாதித்துவிடலாம் என்பவர் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

'அழுத்த வேறுபாடு' என்ற சொல்லையும் கவனியுங்கள். ரெயிலில் உள்ள அழுத்தம் மட்டுமன்று, இன்ஜெக்டரின் மறுமுனையில், காற்று நுழையும் குழாயில் உள்ள அழுத்தமும் கணக்கில் வரும். டர்போ பூட்டிய எந்திரத்தில் அக்குழாயில் 1 பார் மிகை அழுத்தம் ஏறும்போது, ரெகுலேட்டர் அதற்கேற்ப உயர்த்திக் கொடுக்காவிடில், 3 பார் வேறுபாடு 2 ஆகிவிடும். ஓட்டம் சுமார் 18 சதவிகிதம் குறையும். எந்திரம் அதிக எரிபொருள் கேட்கும் நேரத்திலேயே கிடைப்பது குறைகிறது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

இனி, எவ்வளவு பெரிய இன்ஜெக்டர் தேவை? 120 கிலோவாட் ஆற்றல் தரும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட்-மணிக்கு 300 கிராம் பெட்ரோல் செலவாகிறது என்று வைத்தால், மணிக்கு 36 கிலோகிராம். ஒரு சிலிண்டருக்கு 9. இன்ஜெக்டர் இடைவிடாமல் திறந்தே கிடக்கலாகாது. 80 சதவிகித நேரம் திறந்திருப்பதே தக்க வரம்பு. எனவே 11.25 கிலோகிராம் தரும் இன்ஜெக்டர் வேண்டும். பெட்ரோலின் அடர்த்தி 0.74 எனக் கொண்டால், இது நிமிடத்துக்குச் சுமார் 253 கன சென்டிமீட்டர். அவ்வளவே. டர்போ எந்திரத்துக்கு 300 என்ற எண்ணுக்குப் பதிலாக 350-க்கு மேல் வைத்துக்கொள்க.

253 போதுமான இடத்தில் 1000 போட்டால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு வருவது வேகத்தில் அன்று, சும்மா நிற்கும்போது. நான்கடி எந்திரம் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடுகையில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி செகண்டு. 800 சுற்றில் 150 மில்லி செகண்டு. சும்மா நிற்கையில் சிறிய இன்ஜெக்டர் உண்மையாகப் பீச்ச வேண்டிய நேரம் 1.6 மில்லி செகண்டு என்று கொள்வோம். நான்கு மடங்கு பெரியதற்கு அது 0.4 ஆகச் சுருங்கும். ஆனால் மின்சாரம் பாய்ந்தவுடன் வால்வு திறந்துவிடுவதில்லை. காந்தம் வலுப்பெற்று ஊசி எழவே சுமார் 1 மில்லி செகண்டு கழிகிறது. இதனை வீண் நேரம் எனலாம். பேட்டரியின் வோல்ட் குறையக் குறைய இது நீளும். மிகக் குறுகிய துடிப்புகளில் ஊசி பாதி எழுந்தும் எழாமலும் விழுவதால், ஒரு முறை பீச்சியது போல் மறுமுறை பீச்சாது. பிறகு வண்டி திக்கும், புகையும், பெட்ரோலைக் குடிக்கும்.

பெரியதா சிறியதா என்பதைவிட, நான்கும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே என் கருத்தில் முதன்மையானது. நான்கில் ஒன்று மட்டும் 10 சதவிகிதம் குறைவாகப் பீச்சுகிறது என்போம். புகைக்குழாயிலுள்ள உணரிக்குத் தெரிவது சராசரியே; 2.5 சதவிகிதக் குறை என்று அது சொல்லும். கணிப்பொறி நான்குக்கும் சமமாகச் சிறிது கூட்டிக் கொடுக்கும். கணக்குச் சரியாகிவிட்டதாக உணரி மகிழும். நலிந்த சிலிண்டரோ இன்னும் 7.7 சதவிகிதம் பற்றாக்குறையிலேயே வேகும். மேலும், முழுச் சுமையில் பல எந்திரங்கள் அந்த உணரியின் பேச்சைக் கேட்பதே இல்லை. சூடேறி, தட்டல் பிறந்து, பிஸ்டனில் துளை விழுவது அந்த ஒரு சிலிண்டரில்தான்.

ஆகவே மாட்டுவதற்கு முன் நான்கையும் அளவுக்குழாய்களில் ஒருசேரப் பீச்சவிட்டு ஒப்பிட வேண்டும். பெட்ரோலைத் திறந்த இடத்தில் பீச்சிச் சோதிப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். அதற்கென உள்ள சோதனைத் திரவமும் மூடிய சோதனை மேடையும் வேண்டும். செய்பவர்கள் பெரும்பாலும் ஹெப்டேன் கொண்டு அளக்கிறார்கள். அதன் அடர்த்தி 0.684, ஆதலால் கன அளவு பெட்ரோலைவிட 4 சதவிகிதம் கூடுதலாகத் தெரியும், எடையோ அதே அளவு குறையும். பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் படிக்கும்போது எந்தத் திரவம், எந்த அழுத்தம் என்று கேட்காதவர் பாதிதான் படித்தவராவார்.

பொருத்தும் வேலையில் அறிவைவிடப் பொறுமை அதிகம் தேவைப்படும். ரப்பர் ஓ-ரிங்குகளைப் பழையதையே மீண்டும் போடுதல் கூடாது. புதியதற்குச் சிறிது எண்ணெய் தடவி, முறுக்காமல், நேராக அழுத்த வேண்டும். கீழ் ரிங் கசிந்தால் அளக்கப்படாத காற்று நுழைந்து கலவை மெலியும். மேல் ரிங் கசிந்தால் சூடான எந்திரத்தின் மேல் பெட்ரோல் சொட்டும். அடுத்து நிகழ்வதை எழுத வேண்டியதில்லை. ரெயிலை இறுக்கிய பின்னும் இன்ஜெக்டரை விரலால் சற்றே திருப்ப முடியவேண்டும். முடியாவிடில் நீளம் பொருந்தவில்லை என்று பொருள். இரு கூம்பாகப் பீச்சும் வகையில், ஒவ்வொரு கூம்பும் ஒரு வால்வின் முதுகை நோக்க வேண்டும். திரும்பி நின்றால் நடுச் சுவரை நனைக்கும்.

மின்தடையையும் மறக்கலாகாது. 14 ஓம் உள்ள சுருளில் 14 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர். பழைய பந்தய வகை இன்ஜெக்டர்களில் 2 ஓம் உள்ளவை உண்டு. அவற்றை அதே இணைப்பில் மாட்டினால் 7 ஆம்பியர் வரை இழுத்துக் கணிப்பொறியின் டிரைவரைச் சுட்டுவிடும். சொருகி பொருந்துகிறது என்பதால் மின்சாரமும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

டீசல் வண்டி ஓட்டுவோருக்கும் ஒரு சொல். காமன் ரெயில் முறையில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். கசிவைக் கையால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து டீசல் உள்ளே பாயும். அது ஊசிக்குத்துப் போலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம். அடியிலுள்ள செப்பு வாஷரை ஒன்றுக்கு இரண்டாகப் போடும் வழக்கமும் சில பட்டறைகளில் உண்டு. நாசிலின் நுனி அந்த அளவுக்கு மேலேறிவிட, பீச்சு பிஸ்டனின் கிண்ணத்தில் விழவேண்டிய இடம் தவறும். புது இன்ஜெக்டரின் தலையில் பொறித்த எண்ணெழுத்துக் குறியீட்டைத் துடைத்துப் படித்து, கணிப்பொறியில் பதிவு செய்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஓட்ட வேறுபாட்டையும் தொழிற்சாலையில் அளந்து அதில்தான் எழுதியிருக்கிறார்கள்.