கீரைக்கட்டின் கரும்பச்சையும் யூரியாவும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகையோடு காய்கறியும் விற்கும் நமது உறுப்பினர்கள் பலர் கீரைக்கட்டில் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கரும்பச்சையாக, தண்டு பருத்து, இலை அகன்றிருந்தால் பேரம் பேசாமல் எடுத்து விடுகிறோம். அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதை வியாபாரிகளும் சிறிது தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன, வேர் உறிஞ்சுகிறது. அதைப் புரதமாக மாற்றப் பயிருக்கு வெயிலும் வேண்டும், நாளும் வேண்டும். முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் ஒரு மாதத்திற்குள் பறிக்கும் பயிர்கள். பறிப்புக்கு நான்கைந்து நாள் முன்பு மேலுரமாக யூரியா தூவினால் கட்டு பார்வைக்கு எடுப்பாக வரும். செலவாகாத நைட்ரேட் தண்டிலும் காம்பிலும் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மூடாப்பு நாட்களில் இன்னும் அதிகம்.

நைட்ரேட்டை விட, அது நைட்ரைட்டாக மாறுவதுதான் தொல்லை. கசங்கிய கீரை ஈரச்சாக்கில் புழுங்கினாலும், சமைத்த கீரை இரவு முழுதும் வெளியில் இருந்தாலும் அப்படி மாறும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை நைட்ரைட் குறைக்கிறது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது ஆபத்து.

உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் நைட்ரேட் வரை தினமும் சேரலாம் என்பது உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 185 மில்லிகிராம். ஐரோப்பாவில் ஸ்பினாச் கீரைக்கு 2011ஆம் ஆண்டு விதியின் உச்சவரம்பு கிலோவுக்கு 3,500 மில்லிகிராம். அதாவது 100 கிராமிலேயே 350. இதைப் படித்துவிட்டுப் பெரியவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வேகவைத்து நீரை வடித்தால் ஒரு பகுதி போய்விடும். கீரையின் நன்மையும் பெரிது.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கரும்பச்சைக்குக் கூடுதல் விலை வைப்பவர்கள் நாம்தானே! கோயம்பேட்டுச் சரக்கில் விசாரிக்க வழியில்லை. பூந்தமல்லிப் பக்கத் தோட்டங்களில் நேரடியாக எடுப்பவர்கள், கடைசி யூரியா எப்போது போட்டது என்று கேட்கலாம். 2015 முதல் வரும் வேப்பெண்ணெய் பூசிய யூரியா நைட்ரேட்டாக மாறுவது மெதுவாகத்தான். ஆனாலும் பறிப்பு நேரத்தில் தூவினால் அதுவும் யூரியாவே. அடியுரமாகத் தொழுவுரம் இட்டு, வெளிர்பச்சையாக வரும் கட்டுக்கும் அதே விலை கொடுங்கள். விடியற்காலைப் பறிப்பை விட வெயில் கண்ட மாலைப் பறிப்பில் நைட்ரேட் குறைவு. மாலைக் கீரையை இரவில் சாக்கில் திணிக்காமல், நிழலில் விரித்து ஈரத்துணி போட்டு வைத்தால் காலை வியாபாரத்திற்கும் வாடாது.