கஞ்சியில் கருநீலம், பருப்பில் ஊதா

இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம் பயிலும் நம் தோட்டத்துப் பிள்ளைகள், அறிவியல் கூடத்தில் உணவுச் சோதனை செய்துவிட்டு வந்து அதைப் பற்றி வீட்டில் பேசக்கூடும். சோற்றின் மேல் ஒரு துளி மருந்தை விட்டோம், கறுத்துப் போயிற்று. முட்டையின் வெள்ளைக்கரு ஊதா நிறமாயிற்று என்பார்கள். கேட்கும் பெற்றோருக்கு இது செப்பிடுவித்தை போலத் தோன்றலாம். ஆனால் இந்தப் பாடம் நம் அடுப்பங்கரையைப் பற்றியது. ஆதலின் அச்சோதனைகள் யாவை, அவை நமக்கு என்ன கூறுகின்றன என்பதை இம்மாதம் விளக்க முற்படுகிறோம்.

உணவிலுள்ள சத்துகளுள் பேரளவில் நமக்கு வேண்டியவை மூன்று: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம். முதலிரண்டும் உழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தருவன. 1 கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோ கலோரியும், 1 கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரியும் தரும். தசை, இரத்தம், தோல் ஆகியவற்றைக் கட்டும் வேலை புரதத்தினுடையது. வளரும் குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் அது போதிய அளவு கிடைத்தே ஆகவேண்டும்.

மாவுச்சத்துச் சோதனையே மிக எளியது. மலாய்மொழிப் பாடநூலில் இந்த மாவுப்பொருளின் பெயர் ‘கஞ்சி’ என்றிருக்கும். நம் தமிழ்ச் சொல்தான் கடல் கடந்து வந்து அங்கே குடிபுகுந்திருக்கிறது. பிள்ளை ‘கஞ்சிச் சோதனை’ என்றால் பெற்றோர் மிரள வேண்டியதில்லை. சோறு, ரொட்டி, பிஸ்கட், மரவள்ளிக்கிழங்கு, இவற்றுள் எதன் மீதாயினும் பழுப்பு நிற அயோடின் கரைசலில் ஒரு துளி விட்டால் கருநீலம் தோன்றும். முட்டையிலோ மீனிலோ விட்டால் பழுப்பு பழுப்பாகவே நிற்கும். கொதிக்கும் கஞ்சியில் விட்டால் நீலம் தோன்றாது; ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு வேறு சோதனை உண்டு. பெனடிக்ட் கரைசல் என்னும் நீல நிற மருந்தை உணவுச் சாற்றுடன் கலந்து, சோதனைக் குழாயைக் கொதிநீரில் நிறுத்துவார்கள். சர்க்கரை சிறிதளவு இருந்தால் பச்சை, கூடக்கூட மஞ்சள், மிகுந்தால் செங்கல் சிவப்பு. வாழைக்காயில் அயோடின் விட்டால் நன்கு கறுக்கும். அதுவே கனிந்த பின் கறுப்பு குறைந்து, பெனடிக்ட் கரைசல் சிவக்கும். காய் கனியும்போது மாவு சர்க்கரையாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாம் கோப்பியில் போடும் வெள்ளைச் சீனியைச் சோதித்தால் நீலம் மாறவே மாறாது! சீனியில் இருவகைச் சர்க்கரைகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. சிறிது அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்து அப்பிணைப்பை அறுத்து, சமையல் சோடாவால் அமிலத்தை முறித்த பிறகே நிறம் மாறும். நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரை முன்னாளில் மருத்துவமனைகளில் சோதித்ததும் இதே நீல மருந்தைக் கொண்டுதான் என்பது வயதில் மூத்த அன்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

கொழுப்பை அறியப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. தேங்காய்ச் சில்லையோ நிலக்கடலையையோ ஒரு தாளில் அழுத்தித் தேய்த்து, ஈரம் காயும் வரை பொறுத்திருந்து, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீர்க்கறை காய்ந்து மறையும். எண்ணெய்க்கறை ஒளி ஊடுருவும் புள்ளியாக நிலைத்து நிற்கும்.

புரதச் சோதனைக்கு வருவோம். உணவுச் சாற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து, அதன்மேல் செப்பு சல்பேட்டுக் கரைசலைச் சில துளிகள் விடுவார்கள். மயில்துத்தம் என்று நாம் அறிந்த நீலப் பொருள்தான் செப்பு சல்பேட்டு. புரதம் இருந்தால் நீலம் ஊதாவாக மாறும், சூடாக்க வேண்டியதில்லை. இதற்குப் பையூரெட் சோதனை என்று பெயர். சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். மில்லன் கரைசல் என்ற மற்றொரு மருந்தில் பாதரசம் உள்ளது. ஆகையால் புரதச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க இடங்கொடாதீர்கள்.

ஆயினும் புரதத்தின் இயல்பை, மரம் சீவும் அன்பர்களுக்கு நாம் கற்பிக்கத் தேவையில்லை. ரப்பர் பாலில் அமிலம் ஊற்றினால் அது உறைவதை நாள்தோறும் காண்கிறீர்கள். பாலிலுள்ள ரப்பர்த் துகள்களைப் புரதம் போர்வை போலச் சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. அமிலம் அந்தக் காவலைக் குலைத்ததும் துகள்கள் திரண்டுவிடுகின்றன. சூடான பசும்பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் திரிவதும் புரதத்தின் செயலே. நாள்பட்ட ஒட்டுப்பாலின் நாற்றத்தில் அழுகும் புரதத்திற்கும் பங்குண்டு.

இனி, இந்த நிறங்களை நம் தட்டின்மீது வைத்துப் பார்ப்போம். மரவள்ளிக்கிழங்கு அயோடினில் மையைப் போல் கறுக்கும். புரதச் சோதனையில் நிறம் காண்பது அரிது. அவித்த கிழங்கு 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 1 கிராம்தான். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கிழங்கையே உண்டு காலம் தள்ளிய தோட்டத்து மக்கள், வயிறு நிரம்பியும் உடல் தேறாமல் மெலிந்தார்கள். அதே அளவு சோற்றில் புரதம் சுமார் இரண்டரை கிராம். ஒரு கோழிமுட்டையிலோ 6 கிராம். பள்ளிப் பருவத்துக் குழந்தைக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் வேண்டும். 25 கிலோ எடையுள்ள பிள்ளை காலையில் பிஸ்கட்டும் இனிப்புக் கோப்பியும், பகலில் சோறும் ரசமும் என்று நாளைக் கழித்தால் கணக்கு எங்கே வந்து நிற்கும் என்பதைத் தாய்மார்களே கூட்டிப் பார்க்கலாம்.

டின்பாலைப் பற்றி ஒரு சொல். ‘பால்’ என்ற பெயரைக் கேட்டதும் அது குழந்தைக்கு ஊட்டம் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். இனிப்பூட்டிய கட்டிப்பாலில் பாதியளவு சர்க்கரை. கிரீமர் என்று விற்பவற்றில் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் மிகுதி, பால் குறைவு. சோதனைக் குழாயில் இட்டால் இவற்றிலும் சிறிது ஊதா தோன்றக்கூடும். சோதனையின் குறை இதுதான்: ஒரு சத்து இருக்கிறதா என்று சொல்லும், வேண்டிய அளவு இருக்கிறதா என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. டப்பாவின் மேல்தாளில் முதலில் எழுதியிருப்பது எந்தப் பொருள் என்று படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கேளுங்கள்.

இந்த ஆபத்தை நம் வட்டாரத்தில் உரக்கச் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், உண்டும் உடல் வீங்கி இறந்த குழந்தைகளைக் கண்டு, அந்நோயைப் புரதக் குறைவுடன் தொடர்புபடுத்தி 1930களில் உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவர். அங்கே குழந்தைகளின் உணவு பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சி. பின்னர் மலாயாவில் பணியாற்றியபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கட்டிப்பாலைச் சிசுக்களுக்கு ஊட்டுவதைக் கண்டு மனம் கொதித்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் அவர் ஆற்றிய உரை இன்றும் மருத்துவர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் தலைப்பு கடுமைதான். இறந்த சிசுக்களைக் கண்ணால் கண்டவருக்கு வேறு சொல் வாய்க்கவில்லை என்றே கருதுகிறோம்.

நற்செய்தி என்னவெனில், ஊதா நிறம் காட்டும் உணவெல்லாம் விலையுயர்ந்ததாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பருப்பு, கடலை, பச்சைப்பயறு, தவ்வு, தெம்பே, நெத்திலி ஆகிய அனைத்திலும் புரதம் உண்டு. உலர்ந்த நெத்திலி எடைக்கு எடை இறைச்சியையும் விஞ்சும். பருப்பு அயோடினிலும் கறுக்கும், பையூரெட் சோதனையிலும் ஊதாவாகும். இரண்டு சத்தும் ஒன்றாயிருக்கும் பொருள் அது. அரிசிப் புரதத்தில் குறைவாயிருக்கும் கூறுகளைப் பருப்பு ஈடுசெய்வதால், சோற்றோடு பருப்பைச் சேர்த்துண்ணும் நம் வழக்கம் நல்ல வழக்கமே. ஆனால் சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்றெண்ணி, மேலே தெளிந்த நீரைக் குழந்தைக்கு ஊற்றிவிட்டு, அடியிலுள்ள பருப்பைப் பெரியவர்களுக்குப் பரிமாறும் வீடுகள் உள்ளன. வேகவைத்த பருப்பையும் அதன் தெளிந்த நீரையும் தனித்தனிக் கிண்ணத்தில் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி, ஆசிரியரின் முன்னிலையில் இரண்டையும் சம அளவில் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தக் குழாயில் ஊதா அடர்ந்திருந்தது என்பதை மாலையில் பிள்ளை வந்து சொல்லட்டும்.